ஊதுகுழல் மாமாவின் மெதுவான கார்டு

எதையாவது ஒன்றை இன்னொன்றுக்குள் செருகுவதற்கு முன் அதை வாயால் ஊதிவிடுவது அவளுடைய தாய்மாமாவின் பழக்கம். வீட்டுச் சாவியை ஊதிவிட்டுத்தான் பூட்டுக்குள் விடுவார். சார்ஜர் முனையை ஊதுவார். அவள் பள்ளிக்கூடம் போன நாட்களில், ஷூவுக்குள் அவள் காலை நுழைக்குமுன் அதையும் ஒரு ஊது ஊதிக் கொடுத்திருக்கிறார். தூசி இருக்கிறதா இல்லையா என்றெல்லாம் பார்க்கமாட்டார். ஊதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. அவளுடைய அப்பா, அதாவது மாமாவின் அக்கா கணவர், அவருக்கு 'ஊதுகுழல்' என்று பெயர் வைத்தார். பெயர் தெரு முழுக்கப் பரவி, கடைசியில் மாமாவின் சொந்தப் பெயர் அவருடைய விசிட்டிங் கார்டில் மட்டும்தான் மிச்சமிருந்தது.

அப்பா உயரத்தில் வேலை செய்கிறவர். தொழிற்சாலைப் புகைபோக்கிகளில் ஏறி விரிசல் அடைப்பார், பெயிண்ட் அடிப்பார், உச்சியில் இடிதாங்கி மாற்றுவார். மாமா பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அக்கா வீட்டில் வந்து சேர்ந்தபோது, அப்பா அவரையும் வேலைக்கு அழைத்துப் போனார். முதல் புகைபோக்கியிலேயே பாதி உயரத்தில் மாமாவுக்குக் கைகால் மரத்துப்போய்விட்டது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏணியைக் கட்டிப்பிடித்திருந்தவரை, அப்பா தன் முதுகோடு சேர்த்துக் கட்டி, படிப்படியாக இறக்கிக்கொண்டு வந்தார். கீழே கூடியிருந்தவர்களிடம், "பையனுக்கு வயிறு சரியில்ல" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். அந்த நாளைப் பற்றி அதற்குப் பிறகு அவர் வாயே திறந்ததில்லை, சண்டையில்கூட. அவளுக்கு இது தெரிந்ததே மாமா சொல்லித்தான்.

அதன்பிறகு மாமா போட்டோ கடை, விழா வீடியோ, செல்போன் ரிப்பேர் என்று எதையெதையோ தொட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் ட்ரோனில் வந்து நின்றார். "ஏறாமலே ஏறலாம் பாப்பா," என்பார். "கால் தரையில, கண்ணு மேகத்துல. உங்கப்பாவுக்கு இந்த வித்தை தெரியுமா?"

"தெரியாதுப்பா," என்பார் அப்பா. "எனக்குக் காலும் கண்ணும் ஒரே இடத்துலதான் இருக்கும். உன்னை மாதிரி பிரிச்சு வைக்கத் தெரியாது, மாப்ளே."

இப்படி ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டே இருவரும் ஒரே வேனில் வேலைக்குப் போனார்கள். பழைய புகைபோக்கிகளின் வெளிச்சுவரில் அடியிலிருந்து உச்சிவரை ஓர் இரும்பு ஏணி போகும். அதைச் சுவரோடு பிடித்திருப்பவை கிளாம்ப்புகள். கிளாம்ப்பின் போல்ட் துருப்பிடித்தாலோ, பின்னால் செங்கல் பிளந்தாலோ, ஏணி சும்மா சாய்த்து வைத்த குச்சிதான். அப்பாவின் பெல்ட்டில் இரண்டு கொக்கிகள் உண்டு. ஆனால் அவற்றை மாட்டுவதும் அதே ஏணியில்தான். ஏணியே கழன்று வந்தால் கொக்கியும் கூடவே வரும்.

அதனால் மாமா முதலில் ட்ரோனை ஏணியை ஒட்டியே மேலே அனுப்பி, ஒவ்வொரு கிளாம்ப்பையும் வீடியோ எடுப்பார். சாதாரண வீடியோ போதாது. போல்ட்டின் தலைக்கு அடியில் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல் இருந்தாலும், பெரிதாக்கிப் பார்க்கும்போது அது தெரிய வேண்டும். ட்ரோனில் இருப்பதிலேயே உயர்ந்த தெளிவில்தான் எடுப்பார். அந்த வீடியோவை மடிக்கணினியில் ஓட்டிப் பார்ப்பது அவள் வேலை. குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள். கணக்கு படித்திருந்தாள். வேலைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் நாட்களில் வேனில் ஏறிக்கொள்வாள். அவள் "சரி" என்று சொல்லாமல் அப்பா முதல் படியில் கால் வைக்கமாட்டார்.

அந்தச் சரியைச் சொல்ல தனக்கு என்ன தகுதி என்று அவள் அடிக்கடி யோசித்திருக்கிறாள். அவள் படித்ததில் இரும்பும் இல்லை, செங்கல்லும் இல்லை. ஆனால் அந்த வீட்டில் எழுத்து இருக்கும் எதுவும் அவளிடம்தான் வரும். மருந்து அட்டை, மின்சார பில், வாஷிங் மெஷினோடு வந்த புத்தகம், எல்லாம். "படிச்ச புள்ள பார்த்தா சரியாதான் இருக்கும்," என்பாள் அம்மா. அந்த நம்பிக்கைதான் அவளுக்குப் பயம்.

மூடிக்கிடந்த ஒரு ஆலையின் புகைபோக்கி வேலை வந்தது. இடித்துவிடலாமா, சரிசெய்து வைத்துக்கொள்ளலாமா என்று முடிவெடுக்க, உச்சியை இறுக்கிப் பிடித்திருக்கும் இரும்பு வளையம் எப்படியிருக்கிறது என்று ஒருவர் ஏறித் தட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு அது தெரிந்த புகைபோக்கிதான். எத்தனையோ வருடங்களுக்கு முன் அதில் ஏறியபோது, பத்துப் படிக்கு ஒரு தடவை ஏணிக்குப் பக்கத்தில் வெள்ளைப் பெயிண்டால் ஒன்று, இரண்டு என்று எண் எழுதி வைத்திருந்தார். பெயிண்ட் மங்கியிருந்தாலும் எண்கள் படிக்கிற மாதிரியே இருந்தன.

முந்தின நாள் மாமாவின் பழைய மெமரி கார்டு திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்து, ஊதியும் பயனில்லாமல் செத்துப்போயிருந்தது. புதிய கார்டை மாமாவே போய் வாங்கி வந்தார். வீட்டில் எழுத்து உள்ள எல்லாவற்றையும் அவளிடம் நீட்டுகிறவர், அதை மட்டும் நீட்டவில்லை. அது தன் தொழில் சாமான், அதில் பாப்பாவிடம் கேட்பதா என்று நினைத்தாரோ என்னவோ. வேனில் போகும்போது பெருமையாகக் காட்டினார். விரல் நகத்தளவு கார்டு. அதன்மேல் தங்க நிறத்தில், கார்டின் பாதியை அடைத்துக்கொண்டு, பெரிதாக ஒரு எண்.

"பாரு, வேகம். கடையில இருந்ததுலேயே பெரிய நம்பர்."

"மாப்ளே நம்பரைப் பார்த்துதான் வாங்குவான்," என்றார் அப்பா ஓட்டிக்கொண்டே. "செருப்பும் அப்படித்தான் வாங்கினான். பெரிய நம்பர். இன்னைக்கும் கால்ல நிக்காது."

அவளும் சிரித்தாள். கார்டைக் கையில் வாங்கிப் பார்க்கவில்லை.

மதியத்துக்குமேல் காற்று கிளம்பும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் எல்லோரிடமும் கொஞ்சம் அவசரம் இருந்தது. மாமா கார்டை ஊதி ட்ரோனுக்குள் தள்ளினார். ட்ரோன் ஏணியோரமாக ஒரே சீராக மேலே போய், உச்சியைச் சுற்றிவிட்டு இறங்கியது. அவள் வேனின் பின்பக்கம் உட்கார்ந்து, வெயில் திரையில் அடிக்காமல் இருக்கத் தலையோடு ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு பார்த்தாள். வீடியோ மூன்று துண்டாக வந்திருந்தது. அது புதிதில்லை. நீளமாக எடுத்தால் ட்ரோன் தானாகவே துண்டு துண்டாகத்தான் சேமிக்கும். ஒன்று முடிந்த இடத்தில் அடுத்தது தொடங்கும். கிளாம்ப், செங்கல், கிளாம்ப், செங்கல். நிறுத்தி, பெரிதாக்கி, நகர்ந்து பார்த்தாள். ஒரு போல்ட்டில் துரு. அதுவும் மேலோட்டம்தான்.

"என்னம்மா பட்டதாரி?" வெளியிலிருந்து அப்பாவின் குரல். "காத்து வர்றதுக்குள்ள சொல்லுவியா, வந்தப்புறம் சொல்லுவியா?"

"சரிப்பா," என்றாள்.

அப்பா சட்டையைக் கழற்றி வேன் கதவில் மாட்டிவிட்டு, பனியன்மேல் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு போனார். சாமான் இழுக்கும் மெல்லிய கயிறு இடுப்பிலிருந்து வாலைப்போல் தரையில் இழுபட்டுப் போவதை அவள் பார்த்தாள்.

ஆலைக்காரருக்கு அனுப்ப, உடைந்த செங்கற்களைக் குறித்து வைக்க வேண்டும். அதற்காக மறுபடி போர்வைக்குள் புகுந்து வீடியோவை முதலிலிருந்து ஓட்டினாள். இந்த முறை எண்களையும் பார்த்துக்கொண்டே வந்தாள், எந்தச் செங்கல் எந்த எண்ணுக்குப் பக்கத்தில் என்று சொல்வதற்காக. நான்கு. ஐந்து. ஆறு. இரண்டாம் துண்டு முடிந்தது. மூன்றாவது தொடங்கியது. செங்கல், ஏணி, செங்கல். எட்டு.

பின்னால் ஓட்டினாள். ஆறு. செங்கல். எட்டு.

ஏழைக் காணோம்.

பெயிண்ட் அழிந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். நினைக்க விரும்பினாள். ஆறிலிருந்து எட்டுக்குள் எத்தனை படி வருகிறது என்று எண்ணினாள். இருபது வர வேண்டிய இடத்தில் ஐந்தாறு படிகூட இல்லை. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய வாய் திறந்திருந்தது. அதற்குள் எத்தனை கிளாம்ப் போயிருக்கிறது, அவை எந்த நிலையில் இருக்கின்றன, யாரும் பார்க்கவில்லை. பார்க்காததற்குத்தான் அவள் சரி சொல்லியிருக்கிறாள்.

போர்வையை உதறிக்கொண்டு வெளியே குதித்தாள். வெயில் கண்ணை அறைந்தது. அப்பா நான்காம் எண்ணைத் தாண்டிவிட்டிருந்தார். வெள்ளைப் பனியன், கட்டைவிரல் அளவுக்கு.

"மாமா! ஏழு இல்ல மாமா! நடுவுல எடுக்கவே இல்ல!"

மாமா ட்ரோனைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என்ன இல்ல? ட்ரோன் எங்கயும் நிக்கலையே பாப்பா, ஒரே சீரா போச்சே."

"ட்ரோன் போச்சு. வீடியோ போகல!"

அவர் முகத்திலிருந்து நிறம் இறங்கியதை அவள் பார்த்தாள். அதற்கு அர்த்தம் அப்போது அவளுக்குப் புரியவில்லை. இருவருமாகக் கத்தினார்கள். பக்கத்துக் கொட்டகையில் ஏதோ கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் அவர்கள் குரல் அவர்களுக்கே கேட்கவில்லை. அவள் அப்பாவுக்குப் போன் போட்டாள். வேன் கதவில் தொங்கிய சட்டைப் பையில், அவள் காதுக்குப் பக்கத்திலேயே அது அடித்தது.

தரையில் கிடந்த கயிற்று நுனியைப் பிடிக்க ஓடினாள். மாமா பின்னாலேயே வந்து அவள் கையைத் தட்டிவிட்டார்.

"இழுக்காத! திடுக்குனு இழுத்தா கை விட்டுடுவார்!"

"அப்புறம் என்னதான் செய்யறது?"

மாமா ஓடிப்போய் ட்ரோனை எடுத்தார். காலையில் பறந்த அதே பேட்டரி. இன்னொன்று ஆலையின் அலுவலக அறையில் சார்ஜில் கிடந்தது. அதை எடுத்து வர நேரமில்லை. ட்ரோன் கொசுபோல் கத்திக்கொண்டு எழும்பியது. மாமாவின் கையிலிருந்த திரையில் அப்பாவின் முதுகு வந்தது, பிறகு தோள், பிறகு பக்கவாட்டு முகம். மாமா விளக்கை அணைத்து அணைத்து எரியவிட்டார். ட்ரோனை வலதும் இடதுமாக ஆட்டினார், வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டுவதுபோல.

அப்பா திரும்பிப் பார்த்தார். சிரித்தார். ஒரு கையை எடுத்து ஈ ஓட்டுவதுபோல் ஓட்டிவிட்டு அடுத்த படியில் கால் வைத்தார்.

ஒவ்வொரு வேலையிலும் நடப்பதுதான் இது. அப்பா ஏறும்போது மாமா ட்ரோனை அவர் காதருகே கொண்டுபோய் வம்பிழுப்பார், அப்பா ஓட்டுவார், கீழே வந்து திட்டுவார், மாமா சிரிப்பார். இத்தனை வருட விளையாட்டு இன்று நிஜத்தையும் விளையாட்டாக்கிவிட்டது. இனி அந்த ட்ரோன் என்ன சொன்னாலும் அது அப்பாவுக்கு மாப்பிள்ளையின் குறும்புதான்.

ஐந்தாம் எண்ணும் போனது.

"அத்தான், நில்லுங்க. அத்தான், சாமி, நில்லுங்க," என்று திரையைப் பார்த்து மாமா முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கருவி பேட்டரி தீர்கிறது என்று பீப் அடித்தது. ட்ரோன் தானாகவே கீழே திரும்பப் பார்த்தது. மாமா அதைத் தடுத்தார். மறுபடி பீப். மறுபடி தடுத்தார்.

பிறகு அவர் செய்தது அதுவரை அவர் விளையாட்டுக்குக்கூடச் செய்யாதது. ட்ரோனை அப்பாவின் தலைக்கு நேர்மேலே, ஏணியை ஒட்டி, அடுத்துப் பிடிக்க வேண்டிய படியிலேயே கொண்டுபோய் நிறுத்தினார். சுற்றும் இறக்கைகளுக்கும் அப்பாவின் விரலுக்கும் ஒரு முழம்கூட இருக்காது. ஒரு காற்று அடித்தால் போதும். அவளுக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது, மூட முடியவில்லை.

அப்பா மேலே பார்த்தார். திரை முழுக்க அவர் முகம். சிரிப்பு போய்விட்டிருந்தது. வாய் அசைந்தது. என்ன திட்டுகிறார் என்று கேட்கவில்லை. ஆனால் எந்தத் திட்டு என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. ட்ரோன் நகரவில்லை. அப்பா இன்னொரு தரம் திட்டினார். பிறகு ஆறாம் எண்ணுக்குச் சற்றுக் கீழே கொக்கியைக் கழற்றி, ஒரு படி இறக்கி மாட்டினார். கீழ்ப்படியில் கால் வைத்தார். மாமாவை அடிப்பதற்காக இறங்கினார் என்பது அவர் இறங்கிய வேகத்திலேயே தெரிந்தது.

ட்ரோன் பாதி இறங்கும்போதே சக்தி தீர்ந்து, புல்மேல் பொத்தென்று விழுந்தது. யாரும் அதை எடுக்கப் போகவில்லை.

"உனக்கு மூளை இருக்காடா?" தரையைத் தொட்டதும் அப்பா ஆரம்பித்தார். "விளையாடுற இடமாடா அது? என் விரலை வெட்டிட்டு உன் அக்காவுக்கு எந்த மூஞ்சியோட பதில் சொல்லுவ?"

"அப்பா," என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏழாம் நம்பர் பக்கம் நாங்க பார்க்கலப்பா. வீடியோவுல அது இல்ல. நான் கவனிக்காம சரின்னு சொல்லிட்டேன். என் தப்புப்பா."

அப்பா புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பெல்ட்டைக் கழற்றிக் கீழே போட்டார். "சரி. அழாத. நான்கூடதான் அவசரப்படுத்தினேன்," என்றார். பிறகு மாமாவிடம் திரும்பி, "ஏன்டா, அது நின்னுபோனா உனக்குத் திரையில ஒண்ணும் காட்டாதா?"

"காட்டல அத்தான்," என்றார் மாமா. "ஒண்ணுமே காட்டல. சத்தமில்லாம கழுத்தறுத்துடுச்சு."

அப்பா நம்பினார். அவளும் நம்பினாள், கொஞ்ச நேரம்.

சார்ஜில் இருந்த பேட்டரி வந்தது. ட்ரோன் பிழைத்துக் கிடந்தது. அப்பா முகம் கழுவப் போயிருந்தபோது, கார்டில் என்னதான் கோளாறு என்று பார்க்க அவள் ட்ரோனைத் தரையிலேயே வைத்து ரெக்கார்ட் போடச் சொன்னாள். மாமா வேண்டாவெறுப்பாகப் போட்டார். நேரம் ஓடியது. திடீரென்று திரையின் நடுவில் ஒரு செய்தி குதித்தது. அவள் படிக்கும் முன்பே மாமாவின் கட்டைவிரல் போய் அதன் மூலையில் இருந்த பெருக்கல் குறியைத் தொட்டு மூடிவிட்டது. அதே வீச்சில் வந்து சிவப்புப் பொத்தானை மறுபடி அமுக்கியது. கொசு கடித்த இடத்தைச் சொறிவதுபோல, யோசிக்காத விரல்.

"அது என்ன மாமா?"

"எது? அது அப்பப்ப வரும்."

"இன்னொரு தடவை வரட்டும்."

வந்தது. இந்த முறை அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கார்டின் வேகம் போதவில்லை, பதிவு நின்றுவிட்டது என்று எழுதியிருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். மாமா அவளைப் பார்க்காமல் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையிலயும் வந்துச்சு, இல்ல?"

அவர் குனிந்து ஒரு புல்லைப் பிடுங்கினார்.

"படிச்சீங்களா மாமா?"

"ஏதோ வந்துச்சு. மூடிட்டு மறுபடி அமுக்கினேன். ட்ரோன் போயிட்டே இருந்துச்சு பாப்பா. ஒரு நொடி விட்டிருக்கும்னு நினைச்சேன். அத்தான் வேற பக்கத்துல நின்னு கேலி பண்ணிட்டிருந்தார். இறக்கிட்டு மறுபடி முதல்லேர்ந்து போறேன்னு சொல்ல..." அங்கேயே நின்றுவிட்டார். "நானே சொல்லிடுறேன். நீ சொல்லாத. என் வாயால நான் சொல்லணும்."

அவள் தலையாட்டினாள். நியாயமாகத்தான் பட்டது.

அவர்கள் இருவரும் வேனில் கடைக்குப் போனார்கள். மாமா கார்டு வாங்கிய அதே கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் கார்டுகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய எண், சத்தம் போட்டுக் கூப்பிடுவதுபோல. கடைக்காரர் இன்னும் பெரிய எண் உள்ள ஒன்றை எடுத்து நீட்டினார். "இதுக்கு மேல வேகம் கிடையாதுங்க."

இந்த முறை அவள் வாங்கிப் படித்தாள். கையிலிருந்த போனில் ட்ரோன் கம்பெனியின் கையேட்டைத் திறந்து, நின்ற இடத்திலேயே ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். தங்க நிறத்தில் போட்டிருந்த அந்தப் பெரிய எண், கார்டிலிருந்து படத்தை வெளியே எடுக்கும்போது உள்ள வேகம். கணினியில் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு அது உதவும். ட்ரோனுக்கு வேண்டியது வேறு. வானத்தில் இருந்துகொண்டு அது இடைவிடாமல் படத்தைக் கொட்டும்போது, கார்டு மூச்சு வாங்காமல் எவ்வளவு வாங்கிக்கொள்ளும் என்பதுதான் கேள்வி. அதைச் சொல்வது மூலையில், எறும்புக் கால் அளவில் அச்சடித்த ஒரு குறி. வி என்ற எழுத்தும் அதன் பக்கத்தில் ஒரு எண்ணும். மாமா எடுக்கும் தெளிவுக்குக் குறைந்தது வி முப்பது வேண்டும் என்றது கையேடு. மாமா வாங்கியிருந்த கார்டில் அந்தக் குறியே இல்லை.

"கொடுக்கிற வேகம் வேற, வாங்கிக்கிற வேகம் வேற மாமா. பெரிசா எழுதியிருக்கிறது கொடுக்கிற வேகம்."

மாமா இரண்டு கார்டுகளையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறொரு நாளாக இருந்தால் நாலு ஜோக் அடித்திருப்பார்.

"இவ்வளவு சின்னதா எழுதினா எவன் கண்ணுக்குத் தெரியும்?" என்று மட்டும் கேட்டார்.

வி முப்பது போட்ட கார்டில் பெரிதாகப் போட்டிருந்த எண் குறைவாக இருந்தது, பார்க்க ஏழைப்பட்ட கார்டு. கடைக்காரருக்கு அவர்களைப் பார்த்துப் பாவமாக இருந்தது. அவள் அதைத்தான் வாங்கினாள். கடையை விட்டு நகராமல், ட்ரோனைப் படிக்கட்டில் வைத்து, கார்டு பாதி நிறையும்வரை எதிரே போகிற வண்டிகளைப் பதிவு செய்தாள். எந்தச் செய்தியும் குதிக்கவில்லை.

காற்று பலக்கும் முன் ட்ரோன் மறுபடி ஏறியது. இந்தத் தடவை மூன்று பேரும் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு பார்த்தார்கள். ஆறு. செங்கல். கிளாம்ப். செங்கல். ஏழு.

ஏழுக்குப் பக்கத்தில் கிளாம்ப் இருந்தது. ஆனால் அது சுவரில் இல்லை. பின்னாலிருந்த செங்கல் பிளந்து, இரண்டு போல்ட்டும் வேரோடு பிடுங்கிய பல்போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அதற்கு மேலேயும் அப்படியே. ஏணிக்கும் சுவருக்கும் நடுவில் கைமுஷ்டி நுழையும் இடைவெளி. ட்ரோனின் காற்றுக்கே ஏணி மெல்ல அசைந்ததை வீடியோ காட்டியது. அவ்வளவு தெளிவு.

போர்வைக்குள் அப்பாவின் மூச்சு சூடாக அவள் கன்னத்தில் பட்டது. அவர் கையை நீட்டி, அவளைத் தாண்டி, மாமாவின் பிடரியைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினார். அன்பாக.

அப்போது மாமா சொல்லியிருக்கலாம். சொல்லப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அப்பாதான் அம்மாவிடம் சொன்னார். மேலே நடப்பதை வீட்டில் பேசாதவர், அன்று எல்லாவற்றையும் சொன்னார். "உன் தம்பிதான்டி இன்னைக்கு என்னை உனக்குத் திருப்பிக் கொடுத்தான். மெஷின் ஒண்ணும் சொல்லல. இவன் சொன்னான். என் தலைக்கு மேல கொண்டாந்து நிறுத்தினான் பாரு, அவனுக்கு எவ்வளவு தைரியம் வேணும்!"

அம்மா கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டுத் தம்பியின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிடுடா, சாப்பிடு" என்று அவர் தட்டில் மேலும் மேலும் வைத்தாள். மாமா குனிந்தே இருந்தார். அவர் தட்டில் போட்டது போட்டபடி இருந்தது.

"நாளைக்கு," என்றார் கை கழுவும் இடத்தில் அவளிடம். "இன்னைக்குச் சொன்னா அக்கா தாங்கமாட்டா."

அந்த 'நாளைக்கு' வரவேயில்லை. அதற்குள் கதை தெருவுக்குப் போய்விட்டது. முடிவெட்டுகிற இடத்தில், பேருந்து நிறுத்தத்தில், கிடைத்தவர்களிடமெல்லாம் அப்பா சொன்னார். ஊதுகுழல் என்று கூப்பிட்டவர்கள் மாமாவின் சொந்தப் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு பாராட்டுக்கும் மாமா கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது அவளுக்கு மட்டும் தெரிந்தது. வம்பிழுப்பதை அவர் அறவே விட்டுவிட்டார். எந்தக் கார்டு வாங்கினாலும் முதலில் மூலையில் உள்ள குறியைப் பார்ப்பார். அப்புறம் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, கார்டு முழுக்க நிறையும்வரை தண்ணீர் விழுவதையே பதிவு செய்து, கடைசிவரை ஓட்டிப் பார்ப்பார். அம்மா, "தண்ணியை வீணாக்காதடா" என்று கத்துவாள். ஒரு சொட்டு விடுபட்டாலும் அந்தக் கார்டு குப்பைக்குப் போகும்.

தான் சொல்லிவிடலாமா என்று அவள் எத்தனையோ தடவை யோசித்தாள். பழிக்காக இல்லை. அப்பா இப்போது மெஷினை நம்புவதில்லை, மாமாவைத்தான் நம்புகிறார். "மெஷின் சொல்லாது, மாப்ளே சொல்லுவான்" என்று சொல்லிக்கொண்டே ஏறுகிறார். நடந்தது நேர் எதிர். மெஷின் சொன்னது, மாப்பிள்ளைதான் மூடினார். தவறான ஒன்றின்மேல் கால் வைத்து அப்பா ஏறிக்கொண்டிருக்கிறார், அதைக் கீழே நின்று பார்ப்பது பயமாக இருந்தது. ஆனால் அவள் சொன்னால் அது கோள். மாமா சொன்னால்தான் அது உண்மை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டா, அல்லது வாக்குக் கொடுத்துவிட்ட கோழைத்தனத்துக்குத் தான் கொடுக்கும் பெயரா அது? இன்றுவரை அவளுக்கு விடை இல்லை. செய்ய முடிந்ததைச் செய்தாள். திரையில் எந்தச் செய்தி வந்தாலும் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் மூட வேண்டும் என்று ஒரு விதி போட்டாள். ஏன் என்று அப்பா கேட்டதற்கு, "படிச்ச புள்ள சொல்றேன், கேளுங்க" என்றாள்.

பிறகு மாமாவுக்கு வெளிநாட்டில் காற்றாலைகளைப் படமெடுக்கும் கம்பெனியில் வேலை கிடைத்தது. விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே அப்பா அவரைக் கட்டிப்பிடித்தார். "இனிமே எனக்கு மேலேர்ந்து யார்டா சொல்லுவா?" என்றார். மாமா வாயைத் திறந்தார். "அத்தான், அன்னைக்கு..." என்றார். பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். அப்பா அவர் முதுகில் தட்டி உள்ளே தள்ளிவிட்டார்.

இப்போது ட்ரோனை அவள்தான் ஓட்டுகிறாள். அப்பா இன்னும் ஏறுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா வீடியோ காலில் வருவார். முட்டி வலி எப்படி, காற்று எப்படி, எந்தக் கார்டு போடுகிறீர்கள் என்று வரிசையாகக் கேட்பார். எல்லாம் முடிந்ததும் அப்பாவையே பார்த்துக்கொண்டிருப்பார்.

போன வாரமும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடா மாப்ளே, ஏதோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்ல அத்தான். இங்க சிக்னல் சரியில்ல. அடுத்த வாரம் பேசுறேன்."

போனைப் பிடித்துக்கொண்டிருந்தது அவள்தான். மாமாவின் முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது, கண்ணில் ஈரம்கூடத் தெரிந்தது.